குட்டியாண்டி நாலு பேராக வந்து இறங்கினான்

நண்டோடைக் குப்பத்துக் காத்தாயியின் புருஷன் குட்டியாண்டி இங்கிலீஷ்காரர்களின் கப்பலேறிப் போய் நாலு வருஷம் கழித்து, ஒரு ஆனி மாதத்துக் காலையில், நாலு பேராகக் கரையில் வந்து இறங்கினான். நாலு பேருமே வெள்ளைக்காரர்கள். ஒருவன் செம்பட்டைத் தலையன், ஒருவன் தெத்துப்பல்லன், ஒருவன் பனைமர உயரம், இன்னொருவன் தாடி நரைத்த கிழவன். யாருடைய முகத்திலும் குட்டியாண்டியின் சாயல் எள்ளளவும் கிடையாது. அப்புறம் எப்படி அவன்தான் என்று கண்டுபிடித்தார்கள் என்று கேட்பீர்கள். சொல்கிறேன், நடுவில் குறுக்கே விழாதீர்கள்.

அந்தக் கரையில் துறைமுகம் என்று ஒன்று கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கோ சனமோ கரைக்கு வர வேண்டுமென்றால் குப்பத்தாரின் மசூலா படகில்தான் வர வேண்டும். ஆணி ஒன்றுகூட அடிக்காமல், பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு அது. கரையோரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று அலை உடையும் இடத்தில் ஆணியடித்த படகு சுக்குநூறாகிவிடும், தைத்த படகு நெளிந்து கொடுத்துத் தப்பித்துவிடும், உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் குடல் வாய்க்கு வரும். அன்றைக்குப் பின்துடுப்புப் பிடித்தவன் குட்டியாண்டியின் அண்ணன் பெரியாண்டி. மூன்றாவது அலை தூக்கியபோது மற்ற வெள்ளைக்காரர்களெல்லாம் படகின் அடியில் குப்புற விழுந்து ஏசுவைக் கூப்பிட, அந்தப் பனைமர உயரக்காரன் மட்டும் எழுந்து, இடது முழங்காலை லேசாக மடித்து, வலது குதிகாலைப் பலகைத் தையலில் ஊன்றி, ஊஞ்சலில் நிற்பவனைப் போல நின்றான். அந்தக் கரையில் அப்படி நிற்கிறவன் ஒரே ஒருத்தன்தான். பெரியாண்டிக்கு மயிர் கூச்செறிந்தது. அதே நேரம் அவன் காலடியில் கிடந்த தெத்துப்பல்லன் சிரித்தான். முதலில் ஒரு விக்கல், பிறகு குடம் கவிழ்ந்த மாதிரி கடகடவென்று ஒரு கொட்டல். அது தம்பியின் சிரிப்பு. பெரியாண்டி பின்துடுப்பை இறுகப் பிடித்தான். படகு தரை தட்டியதும் நேராக அவர்களைக் குப்பத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். செம்பட்டைத் தலையன் யாரும் காட்டாமலே முன்னால் நடந்து, நொச்சிப் புதரைச் சுற்றி, மூன்றாவது குடிசையின் முன்னால் போய் நின்றான்.

"காத்தாயி, தம்பி வந்துட்டான்."

காத்தாயி கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்தாள். கை நிறைய உப்பு. "எங்க மாமா?" என்றாள்.

"இதோ இவனுங்கதான். நாலா வந்திருக்கான். குடிக்கத் தண்ணி கொண்டா."

காத்தாயி தண்ணீர் கொண்டுவந்தாள். வேறென்ன செய்வாள்? புருஷன் கப்பலேறியபோது வயிற்றில் மூன்று மாதம். பிறந்தது பெண். இப்போது மூன்றரை வயது முடிந்து, வாய் ஓயாமல் பேசும், நண்டு பிடிக்கும், ஆனால் பேர் கிடையாது. அந்தக் குப்பத்து வழக்கம் அப்படி. பிள்ளைக்குப் பேரைத் தகப்பன்தான் வைக்க வேண்டும், அதுவும் காதில் வாய் வைத்துச் சொல்ல வேண்டும். அவன் சொல்லிப் பிள்ளை கேட்ட பிறகுதான் மற்றவர்கள் அந்தப் பேரை நாக்கில் எடுக்கலாம். தகப்பன் கடலில் இருந்தால் அவன் வரும்வரை அது வெறும் பாப்பாதான். இனி வரவே மாட்டான் என்று பஞ்சாயத்தில் முடிவானால், கருமாதியன்று தகப்பனின் அண்ணன் சொல்லுவான். ஆகப் பேரில்லாத பிள்ளை ஒரு வீட்டில் ஓடியாடுகிறது என்றால் அந்த வீட்டு ஆம்பிளை எங்கேயோ உயிரோடிருக்கிறான் என்று அர்த்தம். இரண்டு தடவை பெரிய நாட்டார், அதாவது குப்பத்துப் பஞ்சாயத்துத் தலைவர், "பிள்ளைக்கு ஒரு பேர் வச்சிடலாமா தாயி?" என்று பக்குவமாகக் கேட்டுப் பார்த்தார். இரண்டு தடவையும் காத்தாயி உலைமூடி போல் கொதித்துக் கிளம்பினாள். "அவரு வந்து வைப்பாரு. நீங்க போய் உங்க வேலையப் பாருங்க."

இப்போது வந்துவிட்டான். ஆனால் எந்த வாயால் வைப்பான்?

மாமியார் வெள்ளச்சி நாலு பேரையும் வரிசையாக உட்காரவைத்து, முகத்தைத் தடவி, காலைத் தடவி, மோந்து பார்த்தாள். பனைமரத்தானின் கால்சட்டை மேல் கை பட்டதும் "இது அவன் காலு" என்றாள். தெத்துப்பல்லனின் கட்டம் போட்ட சட்டையைத் தொட்டுவிட்டு "தொண்டை இங்க இருக்கு" என்றாள். செம்பட்டையனின் சிவப்புக் கம்பளித் தொப்பியில் கை வைத்ததும் அவன் இங்கிலீஷில் ஏதோ பொரிந்து தள்ளினான். கிழவன் அந்தப் புழுக்கத்திலும் ஒரு சாம்பல் நிறப் போர்வையைப் போர்த்திக்கொண்டிருந்தான். அவன் யாரையும் பார்க்காமல் பாப்பாவையே பார்த்துக் கண்ணீர் வடித்தான். வெள்ளச்சி அவனைத் தொடவே இல்லை. தொட்டால் தானும் அழுதுவிடுவோம் என்று பயந்தாள்.

மத்தியானத்துக்குள் பண்டகசாலை துபாசி வைத்திலிங்கப் பிள்ளையைக் கூட்டிவந்தார்கள். வெள்ளைக்காரன் பாஷையைத் தமிழிலும் தமிழை வெள்ளைக்காரன் பாஷையிலும் சொல்லிப் பிழைக்கிற மனுஷன், நல்லவர், கொஞ்சம் கூச்ச சுபாவம். கிழவன் பேர் ஒபதியா, கப்பலில் பாய் தைக்கிறவன். அவன் சொல்லச் சொல்லப் பிள்ளை தமிழில் சொன்னார். இங்கிலீஷ் கப்பல்களில் ஒரு பழக்கம் உண்டாம். நடுக்கடலில் ஒருத்தன் செத்துப்போனால், அவன் துணிமணிகளை அன்றைக்கே நடுப் பாய்மரத்தின் கீழே கொண்டுவந்து போட்டு ஏலம் விடுவார்களாம், மற்ற மாலுமிகள் எடுத்து உடுத்திக்கொள்வார்களாம். பூமியின் தென்கோடி முனையைச் சுற்றி வரும்போது, விரல் உதிர்ந்துவிடுகிற குளிரில், பாய் சுருட்டப் பாய்மரத்தின் உச்சிக்கு ஏறிய குட்டியாண்டி கை வழுக்கிக் கடலில் விழுந்துவிட்டான். மேலே ஏறுமுன் பாரமாக இருக்கிறதென்று எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, நம் ஆட்கள் மாதிரி வெறும் கோவணத்தோடுதான் ஏறியிருக்கிறான். தொப்பி, சட்டை, கால்சட்டை, போர்வை என நாலு உருப்படி. நாலு பேர் எடுத்தார்கள்.

"எடுத்து உடுத்தின அன்னியிலேர்ந்து இப்படித்தானாம்" என்றார் பிள்ளை. "கப்பல்ல யாரும் இதப் பெருசா எடுத்துக்கலையாம். நல்ல துணியா இருந்தா இப்படி ஒட்டிக்கிடறது உண்டுதானாம்."

குப்பமும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எத்தனையோ விதமாகக் கடல் மனுஷனைத் திருப்பிக் கொடுத்து அவர்கள் பார்த்திருக்கிறார்கள். கை இல்லாமல், கண் இல்லாமல், புத்தி இல்லாமல். நாலாகக் கொடுத்தது இதுதான் முதல் தடவை, அவ்வளவுதான். பெரிய நாட்டார் பஞ்சாயத்தைக் கூட்டினார். காத்தாயி பூ வைக்கலாமா கூடாதா என்பது முதல் வழக்கு. நாலு பேரும் குப்பத்துக்குள் இருக்கும்போது வைக்கலாம், மூன்று பேர் இருந்தால் குங்குமம் மட்டும், இரண்டும் அதற்குக் கீழும் என்றால் வீட்டுக்குள்ளேயே இருந்துகொள்வது நல்லது என்று தீர்ப்பானது. அவர்கள் தொட்டுத் தாலி கட்டாத அந்நிய ஆண்கள் என்பதால் வாசலோடு நிற்க வேண்டும், ஆனால் வெள்ளச்சிக்குப் பிள்ளைகள் என்பதால் அவள் கையால் சோறு தின்னலாம். இதையும் ஒருவரும் மறுக்கவில்லை.

அந்த ஆனியிலிருந்து ஆவணி முடியும்வரை, கப்பலில் துணிப் பொதிகள் ஏறிக்கொண்டிருந்த மூன்று மாதமும், அவர்கள் காலையில் கரைக்கு வந்து பொழுது சாய்வதற்குள் கப்பலுக்குத் திரும்பினார்கள். வந்தால் ஆளுக்கு ஒரு வேலை இருந்தது. கால்சட்டைக்காரனை முன்னணியத்தில், அதாவது படகின் மூக்கில், நிற்கவைத்துக்கொள்ளப் படகுக்காரர்கள் போட்டி போட்டார்கள், அவன் நின்றால் படகு கவிழாதென்று. பக்கத்துக் குடிசைச் சடையன் பழைய சண்டை ஒன்றில் குட்டியாண்டியிடம் உதை வாங்கியவன். அவன் ஒருநாள் வந்து கால்சட்டைக்காரனின் முழங்காலில் ஓங்கி ஒரு அடி போட்டு, மனது ஆறி, அப்புறம் அவனுக்குப் புகையிலை கொடுத்தான். தொப்பிக்காரனிடம் காணாமல்போன நங்கூரக் கயிறு எங்கே என்று கேட்டார்கள், தாழைப் புதருக்குள் என்றான், இருந்தது. கடலுக்குப் போன ஆம்பிளைகளுக்காகக் காத்திருந்த வேறு குப்பத்துப் பெண்களெல்லாம் பத்துக் கல் நடந்து வந்து, கப்பலிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு மாலுமியின் சட்டையையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார்கள். அதைத்தான் காத்தாயியால் பார்க்க முடியவில்லை.

மற்றபடி அவள் பாடு என்ன பாடு என்கிறீர்கள்! சட்டைக்காரன் வாசலில் வந்து நின்று, புருஷன் குரலில், புருஷன் ராகத்தில், "அடியே, அடுப்பப் பாருடி! ஆத்தாடி, என்ன வெயிலு! தள்ளு தள்ளு, அலை வருது!" என்பான். ஓடி வந்தால் அவன் பேந்தப் பேந்த முழிப்பான். தொண்டையிலிருந்து வருகிற சொல் ஒன்றுக்கும் அவனுக்கு அர்த்தம் தெரியாது. தொப்பிக்காரனுக்கோ எல்லாம் தெரியும், ஆனால் இங்கிலீஷில்தான் தெரியும். கல்யாணமான புதிதில் அவர்கள் இரண்டு பேரும் படகு நிழலில் உட்கார்ந்து பேசியதையெல்லாம் அவன் சொல்ல, வைத்திலிங்கப் பிள்ளை அங்கவஸ்திரத்தால் வேர்வையைத் துடைத்துக்கொண்டே, "அதாவது... உன் கழுத்துல ஒரு மச்சம்... மன்னிச்சுக்கம்மா, இவன் சொல்றான், நான் சொல்லல" என்று தரையைப் பார்த்துச் சொல்லுவார். காத்தாயி சிரிப்பாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகை வந்துவிடும். புருஷன் ஊருக்கு வந்தும் ஒரு வார்த்தை பேச முடியாத பெண் இந்த உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

"பிள்ளைக்குப் பேர் சொல்லச் சொல்லுங்க சாமி" என்று பிள்ளையிடம் கெஞ்சினாள். தொப்பிக்காரன் நெற்றியைச் சுருக்கி யோசித்தான். பேர் ஒன்றை வைத்திருந்தான், பாய்மரத்தின் உச்சியில் ஏறிக்கொண்டிருக்கும்போது அது அவன் நாக்கில் இருந்தது, ஆனால் அப்போது தொப்பி கீழே கிடந்ததே, அதனால் தனக்குத் தெரியாது என்றான்.

ஒபதியா மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டான். போர்வையைப் போர்த்திக்கொண்டு, பாப்பா நண்டு துரத்துவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். பாப்பா அவனிடம் மட்டும் பயமில்லாமல் போகும், அவன் தாடியில் கிளிஞ்சல் செருகும். ஆவணிக் கடைசியில் ஒரு காலை, அவன் துபாசியைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தான். காத்தாயியின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தான். அவன் சொன்னதை வைத்திலிங்கப் பிள்ளை தரையைப் பார்த்துச் சொன்னார்.

"ஏலம் விட்டப்போ... அவன் இன்னும் சாகலையாம்மா."

வெள்ளச்சி முறத்தைக் கீழே போட்டாள்.

"தூரத்துல தலை தெரிஞ்சுக்கிட்டே இருந்துச்சாம். காத்து கப்பலை விட மாட்டேங்குது, திரும்ப முடியாது, படகு இறக்க முடியாது. கப்பல்ல ஆளுங்க குளிர்ல விறைச்சுக்கிட்டிருந்தாங்க. எப்படியும் செத்துடுவான்னு உடனே ஏலத்தப் போட்டுட்டாங்களாம். இவன் போர்வையக் கையில வாங்கிட்டுத் திரும்பிப் பாத்தா, தலை அப்பவும் தெரிஞ்சுதாம்."

காத்தாயி எழுந்தாள். ஒபதியாவின் முகத்துக்கு நேரே காறித் துப்பினாள். "பாவிங்களா! உசுரு இருக்கும்போதே உரிச்சுப் பங்கு போட்டீங்களேடா! மூச்சு போறவரைக்கும் பொறுக்க முடியலையா உங்களுக்கு?" அவன் எச்சிலைத் துடைக்கவில்லை. மூன்று நாள் அவன் வாசலுக்கு வந்தான், மூன்று நாளும் அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நாலாம் நாள் அவன் கதவுக்கு வெளியே நின்று பேசினான், பிள்ளை பக்கத்தில் நின்று சொன்னார். "எனக்குப் பொண்டாட்டி பிள்ளை எல்லாம் கொள்ளைநோயில போயிட்டாங்க. எனக்காகக் கரையில வந்து நிக்க ஒருத்தரும் இல்ல. போர்வைய மேல போட்டதிலேர்ந்து பாக்காத ஒரு பிள்ளைக்காக ராப்பகலா அழறேன், அது என் அழுகை இல்லேன்னும் தெரியும். நாலு துணியையும் நானே உடுத்திக்கறேன். உன் புருஷன் முழுசா வந்து பிள்ளைக்குப் பேர் வைக்கட்டும். அப்புறமும் அவனே இருக்கணும்னா இருந்துக்கட்டும். நான் போறேன்."

கதவு திறந்தது.

பஞ்சாயத்து மறுபடியும் கூடியது. நாலும் ஒரு உடம்பில் சேர்ந்தால் ஆள் முழுசு, முழு ஆள் பேர் வைக்கலாம் என்றார் பெரிய நாட்டார். தொப்பிக்காரன் உடனே சம்மதித்தான். அடுத்தவன் பெண்டாட்டியின் நினைவைத் தலையில் சுமந்து அவனுக்குச் சலித்துவிட்டது. சட்டைக்காரன் கொஞ்சம் அழுதான், தன்னுடைய சொந்தச் சிரிப்பு எப்படியிருக்கும் என்றே மறந்துபோய்விட்டதாம். கால்சட்டைக்காரன்தான் முரண்டு பிடித்தான். பிறந்ததிலிருந்து தள்ளாடியே நடந்தவனுக்கு முதல்முதலாகக் கால் நிலத்தில் பாவியிருந்தது. கடைசியில் வெள்ளச்சி அவன் தாடையைப் பிடித்துக் கெஞ்சியதும் சரியென்றான். கப்பல்காரர்களிடமும் உத்தரவு வாங்கியாயிற்று. புரட்டாசி பிறந்து வாடை திரும்புமுன் கப்பல் கிளம்ப வேண்டும், அதனால் கிளம்புகிற அன்றைக்குக் காலையில் என்று நாள் குறித்தார்கள். பொங்கலா, விருந்தா, யார் படகு, எந்த இடம், குழந்தைக்கு எந்த நிறத்தில் பாவாடை என்று ஊரே கூடி எல்லாவற்றையும் யோசித்தது. நடுக்கடலில் மூழ்கிக்கொண்டிருந்த ஒருவனை முழுசாக ஒன்று சேர்த்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் ஒருத்தரும் யோசிக்கவில்லை. காத்தாயியும் யோசிக்கவில்லை. அவளுக்குத் தலைக்குப் பூக் கட்டவே நேரம் போதவில்லை.

அந்தக் காலையில் வானம் நன்றாக வெளுத்திருந்தது. கரையில் மசூலா படகின் பக்கத்தில் ஒபதியா நின்றான். முதலில் கால்சட்டை. உடனே அவன் இடது முழங்கால் மடிந்து, உடம்பு நிமிர்ந்தது. பிறகு சட்டை, மார்பு அகன்றது, தாடிக்கு நடுவிலிருந்து அந்தச் சிரிப்பு விக்கி விக்கிக் கிளம்பியது. தொப்பி வைத்ததும் கண்கள் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடி அடையாளம் கண்டன. அவன் போர்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டபோது தாடி கறுத்து உதிர்ந்தது, தோல் கறுத்தது, மூக்கு அவன் மூக்கானது. குட்டியாண்டி நின்றான். நாலு வருஷத்துக்கு முன்னால் போனபோது இருந்த அதே மெலிந்த முகம், கன்னத்தில் அதே தழும்பு.

"காத்தாயி" என்றான்.

அந்த ஒரு சொல்லுக்காக அவள் எத்தனை நாள் எத்தனை சாமியை வேண்டியிருப்பாள்! அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஏன் இத்தனை நாளு? ஏன்யா இத்தனை நாளு?" என்றாள்.

"குளிருதுடி" என்றான் அவன். உதடு நீலமாக இருந்தது. "இன்னும் தண்ணியிலதான் இருக்கேன். இவங்க உடுத்திக்கிட்டே இருந்தாங்களா, என்னால செத்து முடிக்கவும் முடியல. இப்ப தலைக்கு மேல வந்திருச்சு."

அவன் மூக்கிலிருந்து தண்ணீர் வழிந்தது. பிறகு வாயிலிருந்து. காய்ந்த மணலில், வெயிலில், ஊரார் கண் முன்னால் அவன் மூழ்கத் தொடங்கினான். அங்கே இல்லாத கயிற்றைக் கைகள் தேடின. கால் உதைத்தது. பெரியாண்டி "ஐயோ தம்பி!" என்று கத்தினான். காத்தாயி அவன் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்துக்குள் ஒரு கண் மட்டும் கறுப்பாக இல்லாமல் சாம்பல் நிறமாக இருந்தது. அது ஒபதியாவின் கண். போகிறேன் என்று வாயால் சொன்ன கிழவனின் கண் அப்போது போக மாட்டேன், போக மாட்டேன் என்று அவளைப் பார்த்துக் கதறியது. உயிர் என்றால் யாருக்குத்தான் வெல்லம் இல்லை?

"கழட்டு! கழட்டு! கிழவன் செத்துடுவான்!" என்று பெரிய நாட்டார் கூவினார்.

"கழட்டாதடி!" வெள்ளச்சி மருமகளின் காலைக் கட்டிக்கொண்டாள். "எம்புள்ளடி! கொஞ்ச நேரம்டி! உன் காலுல விழறேன்!"

காத்தாயியின் கை தொப்பியின் மேல் இருந்தது. எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. மற்றொரு கையால் பாப்பாவை இழுத்து அவன் முன்னால் நிறுத்தினாள். "பேரச் சொல்லுய்யா. இவதான் உன் மக. காதுல சொல்லு." குட்டியாண்டி குனிந்தான். மகளைப் பார்த்தான். அவனுக்கு இருந்த கடைசிப் பலத்தையெல்லாம் கூட்டி, முழங்காலில் விழுந்து, அவள் காதில் வாயை வைத்தான். உதடு அசைந்தது. காத்தாயி ஒரு மூச்சு விட்டாள். இரண்டாவது விட்டாள். சாம்பல் கண் மேலே சொருகியது. அதையும் பார்த்துக்கொண்டுதான் மூன்றாவது மூச்சை விட்டாள். அந்த மூன்று மூச்சையும் அவள் பிறகு யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் அந்த மூன்று மூச்சு நேரம் அவள் ஒரு கொலைக்குச் சம்மதித்திருந்தாள், அது அவளுக்குத் தெரியும்.

உதடு நின்றதும் தொப்பியைப் பிடுங்கினாள். கறுப்புக் கண் அவளை யாரோ என்று பார்த்தது. சட்டையைக் கிழித்து இழுத்தாள். முனகல் வேறு குரலாயிற்று. கால்சட்டையை உருவினாள். கடைசியாகப் போர்வை. அதைப் பற்றிக்கொண்டிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. பிரித்தாள். மணலில் கிடந்தது அம்மணமாய் ஒரு வெள்ளைக்காரக் கிழவன்.

பெரியாண்டி அவனைத் தூக்கிப் படகின் முதுகில் குப்புறப் போட்டுக் குத்தினான். குடம் குடமாகத் தண்ணீர் வந்தது, ஐஸ் மாதிரி குளிர்ந்த தண்ணீர், அந்தக் கரைக்குச் சம்பந்தமே இல்லாத தண்ணீர். கடைசியில் ஒபதியா இருமினான். காத்தாயி தன் முந்தானையைக் கிழித்து அவன் இடுப்பில் போட்டாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தன் பாஷையில் எதையோ திரும்பத் திரும்பச் சொன்னான். துபாசி பிள்ளை அங்கேதான் நின்றார், ஆனால் அன்றைக்கு அவர் ஒன்றையும் மொழிபெயர்க்கவில்லை. மத்தியானம் கப்பல் பாய் விரித்தது. அவனையும் ஏற்றிக்கொண்டு போனது.

நாலு துணியும் உடம்புக்குப் பதில் என்று நாட்டார் சொல்லிவிட்டார். ஆனால் எரிக்க முடியவில்லை, அவ்வளவு ஈரம். மூன்று நாள் வெயிலில் காயப் போட்டு, நாலாம் நாள்தான் தீ பிடித்தது. காத்தாயி தாலியைத் தானே அவிழ்த்தாள். அறுக்க வந்த பெண்களைக் கிட்டே விடவில்லை. அழவும் இல்லை. "மூணு வயசுப் பிள்ளைக்குப் பேர் வச்சிட்டுத்தான் போயிருக்கான், எம்புள்ள கொடுத்து வச்சவன்" என்று வெள்ளச்சி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதாள். அந்தப் பேர் என்ன என்று ஊருக்கே ஆவல். ஆனால் பாப்பா அன்றிலிருந்து ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு, பேசுவதையே நிறுத்திவிட்டிருந்தாள். பயந்திருக்கிறாள், விடுங்கள், கருமாதியன்று கேட்டுக்கொள்ளலாம் என்றார்கள்.

பதினாறாம் நாள் ஊர் கூடியது. பெரியாண்டி பாப்பாவை மடியில் உட்காரவைத்து, பொத்தியிருந்த கையை மெதுவாக எடுத்தான். "என் கண்ணுல்ல, அப்பா காதுல என்ன சொன்னாரு? பெரியப்பாகிட்டச் சொல்லு."

பாப்பா அம்மாவைப் பார்த்தாள். "தண்ணிதாம்மா வந்துச்சு" என்றாள். "ஜில்லுனு. காது வலிக்குது."

வெள்ளச்சியின் அழுகை நின்றுவிட்டது. காத்தாயி அந்த மூன்று மூச்சையும் ஒவ்வொன்றாக மறுபடி விட்டுப் பார்த்தாள். இதற்காகத்தானா, இந்தக் கால்படித் தண்ணீருக்காகத்தானா ஒரு கிழவனைச் சாவின் வாயில் நிறுத்திவைத்தேன் என்று நெஞ்சு கேட்டது. இத்தனை நாளும் வராத அழுகை அப்போது வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, ஊரார் முன்னால் அழுதாள்.

பெரிய நாட்டார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி, வழக்கப்படி அண்ணங்காரன் சொல்லிடட்டும். பெரியாண்டி, பிள்ளை காதுல சொல்லுப்பா."

பெரியாண்டி குனிந்தான்.

"நில்லுங்க மாமா" என்றாள் காத்தாயி.

"தாயி, பொம்பள பேர் வைக்கிற வழக்கம் நம்ம கரையில கிடையாது" என்றார் நாட்டார். அதட்டலாகச் சொல்லவில்லை. அவள் கேட்டதாகவே தெரியவில்லை. பெரியாண்டியின் மடியிலிருந்து மகளைத் தூக்கிக்கொண்டாள். நனையாத காதாகப் பார்த்து அதில் வாயை வைத்தாள். அவளிடம் பேர் ஒன்றும் தயாராக இல்லை. நாலு வருஷமும் அவன்தான் வைப்பான் என்று இருந்துவிட்டவள். வாய்க்கு வந்த பேரைச் சொன்னாள்.

"முத்தாச்சி."

குழந்தை திரும்பி அவள் முகத்தைப் பார்த்தது.

"என்னம்மா?" என்றது.